கோப்பு முறைமையின் அடையாள எண்: வரையறுக்கும் இடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலுக்குப் புதிதாக ஒரு கோப்பு முறைமையை (கோப்புகளை ஒழுங்குபடுத்திக் கையாளும் பகுதியை) எழுதுபவர்கள், அது எந்த வகை என்று காட்டும் அடையாள எண்ணைத் தங்களுடைய சூப்பர்.சி என்னும் மூலநிரல் கோப்பின் தொடக்கத்திலேயே ஒரு டிஃபைன் வரியாக, அதாவது எண்ணுக்குப் பெயரிடும் வரியாக, எழுதிவிடுவதுண்டு. ஒரே கோப்பில் பயன்படும் மாறிலியை அங்கேயே வைப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் இந்த எண் கர்னலுக்குள் அடங்கி நிற்பதில்லை. கோப்பு முறைமையின் விவரங்களைக் கேட்கும் ஸ்டாட்எஃப்எஸ் அழைப்பு விடையளிக்கும்போது எஃப்_டைப் என்னும் புலத்தின் வழியாகப் பயனர் நிரல்களிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே அதற்குரிய இடம் இன்க்ளூட்/யுஏபிஐ/லினக்ஸ் அடைவில் உள்ள மேஜிக்.ஹெச் என்னும் ஹெடர் (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் வரையறைக் கோப்பு). யுஏபிஐ என்பது கர்னல் பயனர் நிரல்களுக்கு வெளிப்படுத்தும் இடைமுகம்.

2014இல் கர்னலின் 3.18ஆம் பதிப்பில் ஓவர்லேஎஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை சேர்க்கப்பட்டபோது அதன் எண்ணும் சூப்பர்.சி கோப்பில்தான் இருந்தது; பின்னரே மேஜிக்.ஹெச்சுக்கு மாற்றப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அந்த எண் தேவைப்பட்ட பயனர் நிரலுக்குத் தன் மூலநிரலில் அதைப் படியெடுத்து வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அப்படிப் படியெடுத்த எண்களில் ஒரு இலக்கம் பிழையானாலும், மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றும் கம்பைலர் எச்சரிக்காது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. யுஏபிஐ அல்லாத இன்க்ளூட்/லினக்ஸ் அடைவில் வைத்தாலும் இதே கதைதான், ஏனெனில் அங்குள்ள ஹெடர்கள் பயனர்வெளிக்கு நிறுவப்படுவதில்லை.

இதைவிட நுட்பமான தவறு, கோப்பு முறைமையை இனங்காண வட்டில் எழுதப்படும் முத்திரையையும் எஃப்_டைப் எண்ணையும் ஒன்றெனக் கொள்வது. எக்ஸ்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமையில் இரண்டும் ஹெக்ஸாடெசிமல் (பதினாறடிமான) 58465342 என்பதால் இந்த மயக்கம் எளிதில் வருகிறது. பிடிஆர்எஃப்எஸ் என்னும் மற்றொரு முறைமையிலோ வட்டு முத்திரை 8 பைட் நீளமுடையது; ஸ்டாட்எஃப்எஸ் தருவது முற்றிலும் வேறான 4 பைட் எண். வட்டு முத்திரை அந்தக் கோப்பு முறைமையின் வடிவமைப்பை விவரிக்கும் ஹெடரில் இருக்கட்டும், மேஜிக்.ஹெச்சில் எஃப்_டைப் எண் மட்டும் போதும்.

எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முன் மேஜிக்.ஹெச்சை ஒருமுறை முழுதாகப் படித்துவிட வேண்டும். ஈஎக்ஸ்டி2, ஈஎக்ஸ்டி3, ஈஎக்ஸ்டி4 ஆகிய மூன்று கோப்பு முறைமைகளும் ஒரே எண்ணைப் பகிர்வதால்தான், ஈஎக்ஸ்டி4 வட்டுப் பிரிவு ஒன்றில் ஸ்டாட் கட்டளையை எஃப் விருப்பத்துடன் இயக்கினால் வகை என்ற இடத்தில் ஈஎக்ஸ்டி2/ஈஎக்ஸ்டி3 என்றே காட்டுகிறது. ஒரே மரபில் வந்தவை என்பதால் அங்கே அது பொறுக்கத்தக்கது. தொடர்பற்ற இரண்டு முறைமைகள் ஒரே எண்ணைக் கொண்டால் பயனர் நிரலால் அவற்றைப் பிரித்தறியவே முடியாது. பதிப்பு வெளியான பின் எண்ணை மாற்றுவதும் கூடாது. பழைய எண்ணுடன் கம்பைல் செய்யப்பட்ட நிரல்கள் அந்தக் கோப்பு முறைமையை அடையாளம் காணாமல் போய்விடும்.