பல வருடம் நின்ற ஹார்லி டபிள்யூஆர்: எடுத்த எடுப்பில் உதைக்காதீர்கள்

ஹார்லி டேவிட்சன் டபிள்யூஆர் 1941-இல் வந்த பந்தய வண்டி. அமெரிக்க மண்தடங்களில் ‘கிளாஸ் சி’ (கடையில் விற்கும் வண்டிகளை ஒட்டிய பந்தய வகை) விதிப்படி ஓடிய 45 கன அங்குல (சுமார் 740 சிசி) பக்கவால்வு வி-ட்வின்: ‘வி’ வடிவில் இரண்டு சிலிண்டர், வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில். நெடுநாள் நின்ற ஒன்றை ஓடவிடும் முறை இது.

1. கழற்றும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். எண் தட்டின் பழைய பெயிண்டைத் தேய்க்கவே வேண்டாம்; போனால் திரும்பாது. பளபளப்பாக்கியே கெடுத்த வண்டிகள் ஏராளம்.

2. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்கு 15 மில்லி மெல்லிய ஆயில் விடுங்கள். நேராக ஊற்றினால் வால்வு மேலேயே தேங்கிவிடும். வளைந்த மூக்குள்ள ஆயில் கேனால் பிஸ்டன் பக்கம் பீய்ச்சி, ஒரு நாள் விடுங்கள்.

3. பிளக் வயர்களை இன்ஜின் உடம்போடு சேர்த்து எர்த் செய்யுங்கள். பொறிக்கு வழி கிடைக்காவிட்டால் மேக்னெட்டோவின் (பேட்டரி இல்லாமலே பொறிக்கு மின்சாரம் தரும் கருவி) காயில் உள்ளுக்குள்ளேயே துளைத்துக்கொள்ளும். பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இறுகினால் பலம் காட்டாமல் மறுபடி ஆயில் விட்டுக் காத்திருங்கள். வால்வு சிக்கியிருந்தாலும் இந்த இன்ஜினில் பிஸ்டனில் மோதாது, கம்ப்ரஷன்தான் போகும்.

4. ஆயில்தான் முக்கியம். டேங்க்கில் நின்ற ஆயில் பம்ப்பின் செக் பால் (ஆயில் கசியாமல் தடுக்கும் சிறு குண்டு) வழியே மெல்லக் கசிந்து, இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸில் நிறைந்திருக்கும். அதை வடிக்காமல் கிளப்பினால் புகையும் கறைபட்ட பிளக்கும்தான் மிச்சம். அந்தக் காலப் பந்தயக்காரர்கள் பலர் ஊற்றியது ஆமணக்கெண்ணெய், அதாவது நம் விளக்கெண்ணெயேதான். அது காய்ந்தால் கோந்து. மினரல் ஆயிலோடும் ஒழுங்காகக் கலக்காது. எது இருந்தது என்று தெரியாவிட்டால் டேங்க், குழாய், பம்ப் மூன்றையும் கழற்றிச் சுத்தம் செய்தே புது ஆயில் ஊற்றுங்கள். டிடர்ஜென்ட் ஆயிலை மட்டும் ஊற்றினால் பழைய கசடு கிளம்பி பம்ப்பை அடைக்கும்.

5. கார்புரேட்டரைக் கழுவுங்கள். த்ராட்டில் தானாக மூடுகிறதா பாருங்கள். மேக்னெட்டோ குளிரில் பொறி தந்து சூட்டில் நின்றால், அதிலுள்ள கண்டென்சர் என்ற மின் பாகத்தைச் சந்தேகியுங்கள்.

6. ஸ்டாண்டில் ஏற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, தீயணைப்பானும் பக்கத்தில் வைத்துக் கிளப்புங்கள். ஆயில் டேங்க் வாயைப் பாருங்கள்: ஒரு நிமிடத்துக்குள் ஆயில் திரும்பி விழாவிட்டால் உடனே அணையுங்கள். மண்தடத்துக்கான டபிள்யூஆரில் பிரேக்கே இருக்காது என்பதால், மேக்னெட்டோவை அணைக்கும் சுவிட்ச் சரியாக இருக்கிறதென்று உறுதியாகும்வரை ஸ்டாண்டை விட்டு இறக்காதீர்கள்.