ஆஃப்செட் ஸ்மோக்கர்: பார்த்து வாங்குவதும் பழக்கிக்கொள்வதும்

இறைச்சியைப் புகையிலும் சூட்டிலும் மெல்ல வேகவைக்கும் அடுப்புதான் ஸ்மோக்கர். நெருப்புப் பெட்டி பக்கவாட்டில் தள்ளியிருக்கும் வகை ஆஃப்செட். கேஸ், பெல்லட் (மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளை எரிப்பது), எலெக்ட்ரிக் ஸ்மோக்கர்கள் இந்தப் பதிவில் வரவில்லை. இரவு இறைச்சியை வைத்து, பட்டனைத் தட்டிவிட்டுத் தூங்கப் போக வேண்டும் என்றால் பெல்லட் வாங்குங்கள். அதில் ஒரு குறையும் இல்லை. ஆஃப்செட் அப்படிப்பட்டதல்ல. பிரிஸ்கெட் என்ற மாட்டின் மார்புக்கறி வேக 10, 12 மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் அரை மணி, முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து போய் விறகு வைக்க வேண்டும். அந்த வேலையே பிடித்துப்போகிறவர்களுக்குத்தான் இது.

உள்ளே என்ன நடக்கிறது?

படுக்கவைத்த ஒரு பெரிய இரும்பு உருளை. அதன் ஒரு பக்கத்தில், சற்றுத் தாழ்வாக ஒட்டிய நெருப்புப் பெட்டி. மறுகோடியில் புகைபோக்கி. சூடான காற்று புகைபோக்கி வழியாக ஏறிப் போகும்போது பின்னால் ஓர் இழுப்பு உண்டாகிறது. அந்த இழுப்புதான் வெளிக்காற்றைக் காற்று வாயில் என்ற திறப்பு வழியாக நெருப்புப் பெட்டிக்குள் கொண்டுவருகிறது, நெருப்பை எரியவைக்கிறது, சூட்டையும் புகையையும் இறைச்சியின் மேல் தவழவிட்டு வெளியே அனுப்புகிறது.

டெக்சஸின் லாக்ஹார்ட்டில் ஸ்மிட்டிஸ் மார்க்கெட் என்ற பார்பிக்யூ கடைக்குப் போயிருந்தால் இதன் மூதாதையைப் பார்த்திருப்பீர்கள். நீளமான செங்கல் அடுப்பு, அதன் வாயருகே தரையிலேயே எரியும் ஓக் விறகு, சூட்டை இழுத்துக்கொள்ளும் புகைக்கூண்டு. வரிசையில் நிற்பவர்கள் அந்த நெருப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். டெக்சஸ், ஓக்லஹோமா எண்ணெய் வயல்களில் மிஞ்சிய தடித்த குழாய்களை வெட்டி வெல்டர்கள் செய்த ஸ்மோக்கர்களும் இதே தத்துவம்தான். 1987-இல் ஜோ டேவிட்சன் ஓக்லஹோமாவில் தொடங்கிய ஓக்லஹோமா ஜோஸ் நிறுவனம் அந்த வடிவத்தைச் சாதாரண வீடுகளின் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுவந்தது.

ஆகவே வாங்கும்போதும் சரி, வாங்கிய பிறகு எதையாவது மாற்றும்போதும் சரி, ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது காற்றோட்டத்துக்கு உதவுமா, இல்லை தடுக்குமா?

படி 1: கடையில் பார்க்க வேண்டியவை

தகட்டின் கனம்தான் முதல் விஷயம். பெரிய கடைகளில் பெட்டியில் வரும் மலிவான வகைகள் 2 முதல் 3 மில்லிமீட்டர் கனத்தில் இருக்கும். நல்ல கனமானவை கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மெல்லிய தகடு சீக்கிரம் சூடேறும், மூடியைத் திறந்த நொடியே சூட்டை விட்டுவிடும்; காற்று அடித்தாலோ மழை தூறினாலோ தடுமாறும். கனமான தகடு சூடேற ஒரு மணி நேரம்கூட எடுக்கும். ஆனால் ஏறிய சூட்டை விடாது, நெருப்பில் சின்ன ஏற்ற இறக்கம் வந்தாலும் உள்ளே தெரியாது. கையில் காசு இருந்தால் மற்ற அலங்காரங்களை எல்லாம் விட்டுவிட்டுக் கனத்துக்குக் கொடுங்கள். இல்லையென்றால் மெல்லியதிலேயே தாராளமாகத் தொடங்கலாம், நெருப்பைக் கவனிக்கும் பழக்கம் அதில் சீக்கிரம் வரும். கனமானது 150 கிலோவுக்கு மேலும் போகும் என்பதால், வீட்டை ஒட்டிய மரத்தளத்தின் (டெக்) மேல் வைக்கும் எண்ணம் இருந்தால் அது தாங்குமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நெருப்புப் பெட்டியின் அளவு. அது உருளையின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது வெல்டர்களின் பழைய கணக்கு. பெட்டி சின்னதாக இருந்தால் விறகு எரியக் காற்று பற்றாது, புகைந்துகொண்டே கிடக்கும். கடைகளில் கிடைக்கும் விறகு பெரும்பாலும் 16 அங்குல நீளம். பெட்டிக்குள் அது போகுமா என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள். போகாவிட்டால் ஒவ்வொரு கட்டையையும் பாதியாக அறுக்க வேண்டியிருக்கும்.

மூடி எப்படி உட்காருகிறது என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். பில் தாளை நீளமாகக் கிழித்து, மூடியின் விளிம்பில் பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்படி வைத்து மூடுங்கள். தாளை மெல்ல இழுங்கள். லேசாகப் பிடித்துப் பிடித்து வந்தால் நல்லது. ஒரு தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. விளிம்பு நெடுக நாலைந்து இடங்களில் இப்படிச் செய்யுங்கள். ஒரு மூலையில் மட்டும் இடைவெளி என்றால் கசிவை அடைக்கும் பட்டை ஒட்டிச் சரிசெய்துவிடலாம். மூடியே முறுக்கிக்கொண்டிருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

ரிவர்ஸ் ஃப்ளோ என்றும் ஒன்று விற்கிறார்கள். அதில் சூடான காற்று ஒரு தகட்டுக்கு அடியில் கடைசி வரை போய், திரும்பி வந்து, நெருப்புப் பெட்டிப் பக்கமே இருக்கும் புகைபோக்கி வழியாக வெளியேறும். உள்ளே சூடு ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும், ஆனால் இழுப்பு சற்று மந்தம். முதல் ஸ்மோக்கருக்கு நேரான வகையே போதும் என்பேன்.

பழைய புரோபேன் தொட்டியை வாங்கி நாமே வெட்டிச் செய்துவிடலாம் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலி என்று சொல்லப்படும் தொட்டியிலும் வாயு மிச்சம் இருக்கும், வெட்டும்போது வெடித்து உயிர்போகலாம். அதைச் செய்து பழகிய வெல்டரிடமே விட்டுவிடுங்கள்.

படி 2: உணவில்லாமல் முதல் நெருப்பு

புது ஸ்மோக்கரில் தொழிற்சாலை எண்ணெயும் தூசும் ஒட்டியிருக்கும். உள்பக்கத்தைத் துடைத்து, உருளைக்குள்ளும் கம்பித் தட்டுகளிலும் சமையல் எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசுங்கள். வழிந்தால் பிசுபிசுப்பாகிவிடும். பிறகு கரியும் ஓரிரண்டு விறகும் போட்டு, 275 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் (135 செல்சியஸ்; இனி வரும் டிகிரிகள் எல்லாம் ஃபாரன்ஹீட்தான்) இரண்டு மூன்று மணி நேரம் வெறுமனே எரியவிடுங்கள். நெருப்புப் பெட்டியின் வெளிப் பெயின்ட் இதில் உரிந்தால் கவலைப்படாதீர்கள், எல்லோருக்கும் உரியும்.

வீட்டுச் சுவரிலிருந்தும் மர வேலியிலிருந்தும் நன்றாகத் தள்ளி, திறந்த வெளியில் வையுங்கள். மழை என்று கராஜுக்குள் தள்ளி எரிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

படி 3: அளந்து பாருங்கள்

பலரும் வாங்கிய வாரமே மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள்: பட்டை, தகடு, குழாய் நீட்டிப்பு என்று. தயவுசெய்து அதற்கு முன் அளந்து பாருங்கள்.

மூடியில் பதித்திருக்கும் தெர்மாமீட்டரை நம்ப வேண்டாம். அது காட்டுவது மூடிக்கு அருகே உள்ள சூடு; இறைச்சி கிடப்பதோ கம்பித் தட்டின் மேல். இரண்டு ப்ரோப் (சூட்டை உணரும் கம்பி) உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். கொதிக்கும் நீரில் விட்டால் 212 டிகிரியும், நிறைய ஐஸ் போட்ட நீரில் 32 டிகிரியும் காட்ட வேண்டும். ஒரு ப்ரோபை நெருப்புப் பெட்டிப் பக்கமும், இன்னொன்றைப் புகைபோக்கிப் பக்கமும் தட்டின் மட்டத்தில் வைத்து, ஒரு மணி நேரம் சீராக எரியவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதைவிடச் சுலபமான வழியும் உண்டு. ஸ்லைஸ் ரொட்டியையோ, டப்பாவில் வரும் பிஸ்கட் மாவையோ தட்டு முழுக்கப் பரப்பி மூடிவிடுங்கள். எது முதலில் கருகுகிறது, எது வெளுத்தே கிடக்கிறது என்று பார்த்தால் உங்கள் ஸ்மோக்கரின் சூட்டு வரைபடமே கண்ணெதிரே இருக்கும். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இரண்டு கோடிக்கும் இடையே 20, 25 டிகிரி வித்தியாசம் இருந்தால் எதையும் மாற்றாதீர்கள். அது வசதிதான். பிரிஸ்கெட்டின் கொழுப்பான தடித்த பக்கத்தைச் சூடான பக்கம் திருப்பி வைக்கலாம், மெல்லிய பக்கம் காயாமல் தப்பிக்கும். வித்தியாசம் 50 டிகிரியைத் தாண்டும்போதுதான் கை வைக்க வேண்டும்.

படி 4: கசிவை அடைப்பது

விறகில் சிறிது ஈர இலையைப் போட்டு வேண்டுமென்றே புகையவைத்து, புகைபோக்கியை ஒரு நிமிடம் முக்கால்வாசி மூடுங்கள். எங்கெங்கே புகை வருகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள்.

உருளையின் மூடி விளிம்புக்கு, தானே ஒட்டிக்கொள்ளும் நோமெக்ஸ் (சூடு தாங்கும் இழை) பட்டை நல்லது. ஒட்டும் முன் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது சமையலிலேயே கழன்று தொங்கும். போல்ட் போட்ட இணைப்புகளுக்கு, உணவருகே பயன்படுத்தலாம் என்று குறிப்பிட்டிருக்கும் அதிவெப்ப சிலிக்கோன் பூசி ஒருநாள் காயவிடுங்கள். அந்த சிலிக்கோன் நெருப்புப் பெட்டியின் சூட்டைத் தாங்காது. அங்கே கணப்படுப்புக்கு விற்கும் சிமென்ட்தான் சரி.

ஆனால் எல்லாக் கசிவையும் அடைத்தே தீர வேண்டும் என்பதில்லை. கரியை நிரப்பிக் காற்றைக் குறைத்து மணிக்கணக்கில் ஓட்டுகிறவர்களுக்குச் சின்னக் கசிவும் தொல்லை. விறகு எரிக்கும் நாம் காற்று வாயிலை எப்படியும் திறந்துதான் வைக்கப் போகிறோம். மூடியின் ஓரத்தில் நூலளவு புகை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

படி 5: சூட்டைப் பரப்புவது

நான் முதலில் செய்யச் சொல்வது, நெருப்புப் பெட்டிக்குள் தணல் கம்பித் தட்டைத் தரையிலிருந்து மூன்று நான்கு அங்குலம் உயர்த்துவது. பல ஸ்மோக்கர்களில் அது அடியோடு ஒட்டிக் கிடக்கும்; சாம்பல் விழுந்ததும் அடியில் காற்று நுழைய இடமே இருக்காது. துளைத்தகட்டுக் கூடை ஒன்றை உள்ளே வைத்தாலும் போதும். விறகடுப்பில் சமைத்தவர்களுக்குத் தெரியும், அடியில் சாம்பலை வழித்துவிட்டாலே பாதிப் புகை அடங்கிவிடும். இங்கேயும் கதை அதேதான்.

அதன் பிறகும் நெருப்புப் பக்கம் தீய்ந்தால், சூடு உள்ளே வரும் வாயில் ஒரு தகட்டைச் சாய்வாக வையுங்கள். நேராக மேலே பாயும் சூட்டை அது கீழ்நோக்கித் திருப்பும். முதலில் தற்காலிகமாக வைத்து அளந்து பார்த்துவிட்டுப் பிறகு நிரந்தரமாக்குங்கள். உருளை முழுக்கத் தகடு பரப்புவதை நான் விரும்புவதில்லை. சூடு சமமாகும், ஆனால் ஓட்டம் தடைபட்டு நெருப்பு மூச்சுத்திணறும். புகைபோக்கியைக் கம்பித் தட்டு மட்டம்வரை உள்ளே நீட்டுவதும் அப்படித்தான்: மேலே சூடு, தட்டில் குளிர்ச்சி என்று உங்கள் அளவுகள் காட்டினால் மட்டும் செய்யுங்கள். எதற்குமே துத்தநாகம் பூசிய தகடு வேண்டாம், சூட்டில் அதிலிருந்து நச்சுப்புகை வரும்.

படி 6: சுத்தமான நெருப்பு

கெட்டியான மரம் வேண்டும். நடு டெக்சஸில் போஸ்ட் ஓக். ஹிக்கரி, பெக்கான் மரங்களும் அருமை. மெஸ்கீட் காரமான புகை தரும், கொஞ்சமாகப் போதும். பைன் போன்ற பிசின் மரங்களும், ரசாயனம் ஏற்றிய கட்டட மரங்களும் கூடவே கூடாது. விறகு காய்ந்திருக்க வேண்டும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் 'டொக்' என்று மந்தமாக ஒலிக்காமல் 'டங்' என்று கணீரென்று வர வேண்டும். ஈரமானியில் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. பிளந்த புது முகத்தில் வைத்து அளவிடுங்கள்.

சிம்னி ஸ்டார்ட்டரில் (கரி பற்றவைக்கும் உலோகக் குழல்) கரியைப் பற்றவைத்துத் தணலாகக் கொட்டுங்கள். அதன் மேல் இரண்டு விறகு. புகைபோக்கியை முழுதாகத் திறந்தே வையுங்கள், கடைசி வரை. சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் விறகின் அளவும், அடுத்ததாகக் காற்று வாயிலும்தான் கருவிகள். அடுத்து போட வேண்டிய விறகை நெருப்புப் பெட்டியின் மேல் வைத்துச் சூடேற்றிக்கொண்டே இருந்தால், உள்ளே வைத்ததும் பற்றிக்கொள்ளும். அது பற்றும்வரை பெட்டியின் கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள்.

புகையைப் பாருங்கள். புகைபோக்கியின் வாயில் கானல்போல் நடுக்கமும், பின்னணி இருட்டாக இருந்தால் மட்டும் தெரியும் இளநீலமும் இருந்தால் எல்லாம் சரி. பஞ்சுபோல வெள்ளையாகப் பொங்கினால் விறகு எரியாமல் வெந்துகொண்டிருக்கிறது. அந்தப் புகை படிந்த இறைச்சி நாக்கில் கசக்கும். கதவைத் திறந்து, தணலைக் கிளறி, சுடர் எழும்பவிடுங்கள். புகை நிறைய இருந்தால் ருசி நிறைய இருக்கும் என்ற எண்ணம்தான் புதியவர்களைக் கெடுக்கிறது.

படி 7: முதல் சமையல்

பிரிஸ்கெட்டை இப்போது தொடாதீர்கள். தொடையோடு கூடிய கோழிக்கால் பத்து வாங்குங்கள். விலை குறைவு, கொஞ்சம் கூடக்குறைய வெந்தாலும் தாங்கும். உப்பு, கரகரப்பான மிளகு போதும். நம் இஞ்சி பூண்டு மசாலாதான் வேண்டுமென்றால் மெல்லியதாகத் தடவுங்கள். தடித்த ஈர மசாலாவுக்கு அடியில் தோல் மொறுமொறுப்பாகாது. 275 முதல் 300 டிகிரியில் வைத்தால் இரண்டு மணி நேரத்தை ஒட்டி வெந்துவிடும். 165 டிகிரி பாதுகாப்பு எல்லை. கால் பகுதிக்கு 180வரை போனால்தான் எலும்போரம் இளகி வரும். ரொட்டிப் படத்தை வைத்துக்கொண்டு பெரிய துண்டுகளைச் சூடான பக்கம் வையுங்கள்.

இதில் கை பழகியபின் பன்றி தோள்பட்டை, அதன் பிறகு பிரிஸ்கெட். பிரிஸ்கெட்டின் உள்சூடு 150, 160 டிகிரி வாக்கில் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். மேற்பரப்பில் ஈரம் ஆவியாகி இறைச்சியைக் குளிர்விப்பதால் அப்படி. பயந்துபோய் நெருப்பைக் கூட்ட வேண்டாம். மேல்பக்கம் நன்றாகக் கறுத்தபின் புச்சர் பேப்பரில் (இறைச்சி சுற்றும் தடித்த தாள்) சுற்றி வையுங்கள், நகரத் தொடங்கும். 200 டிகிரியை ஒட்டி, ப்ரோப் கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் எடுத்துவிடலாம். அறுப்பதற்கு முன் குறைந்தது ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள்.

சமையல் முடிந்த மறுநாள், நெருப்பு முழுதாக அணைந்ததை உறுதிசெய்துகொண்டு சாம்பலை அள்ளிவிடுங்கள். ஈரம்பட்ட சாம்பல் நெருப்புப் பெட்டியின் அடித்தகட்டை அரித்துவிடும். எண்ணெய் வடியும் துளை அடைக்காமல் பாருங்கள், ஸ்மோக்கரை அந்தப் பக்கமாக மிக லேசாகச் சாய்த்து நிறுத்துங்கள். கம்பித் தட்டைச் சூடாக இருக்கும்போதே தேய்த்துவிடுவது சுலபம். பெயின்ட் உரிந்த இடங்களில் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவை துடைத்து, மழைக்காலத்தில் உறை போட்டு வையுங்கள்.