ரோம் வெயிலில் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்த விதம்
ஜூலை மாதம். கொலோசியம், பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரம் இரண்டையும் காலையிலேயே பார்த்துவிட்டு வெளியே வந்தால் வெயில் மண்டையைப் பிளக்கிறது, மகளுக்கு நாக்கு வறண்டுவிட்டது, அங்கே சின்ன பாட்டிலுக்குக் கேட்கும் விலையில் நாள் முழுக்க வாங்கிக் குடித்துக் கட்டுப்படியாகாது. அப்புறம்தான் தெருமுனையில் இடைவிடாமல் கொட்டிக்கொண்டிருந்த இரும்புக் குழாயில் உள்ளூர்க்காரர்கள் குடிப்பதைப் பார்த்தேன். நசோனி என்கிறார்கள், 1874 முதல் இருக்கின்றன, நகரம் முழுக்க 2,000க்கும் மேல். நல்ல குடிநீர், சில்லென்று வருகிறது, காசு கிடையாது! குனியக்கூட வேண்டாம்: குழாயின் வாயை விரலால் அடைத்தால், வளைவின் மேலே இருக்கும் சிறு துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு நேராக வாய்க்கு வரும். மகள் ஒவ்வொரு குழாயிலும் நின்று குடித்தாள்.

ஒரே பாட்டிலை நிரப்பி நிரப்பி பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன் வரை நடந்தோம். பக்கத்தில்தான் ட்ரெவி நீரூற்று. கி.மு. 19இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கட்டிய கால்வாயின் வழியில்தான் இன்றும் அதற்குத் தண்ணீர் வருகிறது, அதன் முன் நின்றபோது உண்மையிலேயே சிலிர்த்தது.

சரி, கால் வலிக்கிறதென்று ஸ்பானியப் படிக்கட்டில் மட்டும் உட்காராதீர்கள், 2019 முதல் அதற்கு அபராதம். கீழே படகு வடிவ நீரூற்று இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.