பசை ஒட்டியதாகக் காட்டிய கருவி, பிரிந்து வந்த தகடு: என் அனுபவம்

கார் கதவின் விளிம்பில் பசையால் ஒட்டிய இரண்டு எஃகுத் தகடுகள். அல்ட்ராசோனிக் சோதனையில் (காதுக்குக் கேட்காத ஒலியைத் தகட்டுக்குள் அனுப்பி, திரும்பும் எதிரொலியைப் பார்ப்பது) நல்ல ஒட்டு என்று வந்தது. பிளந்து பார்த்தால் சில இடங்களில் தகடுகள் சுலபமாகக் கழன்று வந்தன.

ஒலி தகட்டுக்குள் போகத் தடவும் ஜெல்லை மாற்றினேன், ஒலியை அனுப்பி வாங்கும் ப்ரோபை மாற்றினேன், கெயினையும் (சிக்னலைப் பெருக்கும் அளவு) ஏற்றி இறக்கினேன். பலனில்லை.

அப்புறம் பிளந்த துண்டுகளை உற்றுப் பார்த்தேன். பசை முழுக்க மேல் தகட்டிலேயே இருந்தது. கீழ்த் தகட்டைத் தொடவே இல்லை. இதைப் பலரும் கவனிப்பதில்லை. மெல்லிய தகட்டில் நாம் பார்ப்பது எதிரொலி எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதைத்தான். பின்னால் காற்று இருந்தால் கிட்டத்தட்ட முழு ஒலியும் திரும்பும். பசை இருந்தால் ஒவ்வொரு முறையும் சுமார் 88 சதவீத வீச்சுதான் திரும்பும். 10 எதிரொலிக்குப் பிறகு 30 சதவீதம்கூட மிஞ்சாது. ஆனால் அந்தத் தேய்மானம் முதல் தகட்டில் பசை இருப்பதை மட்டுமே சொல்லும். மறுபக்கம் பற்றியதா என்று சொல்லாது.

அதனால் அதே புள்ளியைக் கீழ்த் தகட்டின் பக்கமிருந்தும் சோதித்தேன். அங்கே எதிரொலி தேயாமல் நீண்டுகொண்டே போனது. கழன்ற இடங்களோடு அப்படியே பொருந்தியது. பெரிய நிம்மதி. இப்போது இரு பக்கமும் தேய்ந்தால்தான் ஒட்டு என்று எழுதுகிறேன்.