சிறு பயோடெக் பங்கை வாங்குமுன் வாரண்டுகளைக் கணக்கிடுவது எப்படி?

விற்பனைக்கு வந்த மருந்து ஏதும் இல்லாத சிறு பயோடெக் நிறுவனம், மருத்துவப் பரிசோதனைச் செலவைப் பெரும்பாலும் புதிய பங்குகளை விற்றே சமாளிக்கிறது. வாங்குபவர்களை இழுக்க அவற்றோடு வாரண்டுகளையும், அதாவது குறித்த விலையில் பின்னர் புதிய பங்கு வாங்கும் உரிமைகளையும், சேர்த்துக் கொடுக்கிறது. ஆகவே, மருந்து வெற்றி பெற்றால் கிடைக்கும் மதிப்பை எத்தனை பங்குகளுக்குப் பிரிக்க வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவசியம். அமெரிக்கச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு நான் பின்பற்றும் முறை இது.

படி 1. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான எஸ்.இ.சி.யின் எட்கர் ஆவணத் தளத்தில் அண்மைய 10-கியூ என்ற காலாண்டு அறிக்கையைத் திறந்து, முகப்புப் பக்கத்தில் உள்ள மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையையும் அதற்குரிய தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குப் பின் 8-கே (முக்கிய நிகழ்வு அறிவிப்பு) அல்லது 424பி5 (பங்கு விற்பனை விளக்க ஆவணம்) வந்திருந்தால், அதிலுள்ள புதிய பங்குகளையும் கூட்டுங்கள். தரகுச் செயலிகள் காட்டும் எண்ணிக்கையை நான் எடுத்துக்கொள்வதே இல்லை. அவை பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருப்பதுண்டு.

படி 2. அதே அறிக்கையின் நிதிக் குறிப்புகளில் வாரண்ட் அட்டவணையைத் தேடுங்கள். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். வருமான அறிக்கையில் ஒரு பங்குக்கான அடிப்படை நட்டமும், வாரண்டுகள் போன்றவற்றையும் பங்குகளாகக் கருதிப் போடும் நீர்த்த நட்டமும் ஒரே எண்ணாக இருப்பதைப் பார்த்து, நீர்ப்பே (பங்குகள் பெருகி ஒவ்வொருவரின் உரிமை குறைவது) இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நட்டத்தில் இயங்கும் நிறுவனத்தில் வாரண்டுகளைச் சேர்த்தால் ஒரு பங்குக்கான நட்டம் குறைந்து தோன்றும் என்பதால், கணக்கியல் விதிப்படி அவை விலக்கப்படுகின்றன. விலக்கியவற்றின் பட்டியல் அதே குறிப்புகளில் தனியாக இருக்கும்.

ப்ரீ-ஃபண்டட் வாரண்டுகளுக்குத் தனிக் கவனம் தேவை. இவற்றுக்கான விலை ஏறக்குறைய முழுவதும் முன்பே செலுத்தப்பட்டுவிட்டது, மீதி 0.001 டாலர் போன்ற பெயரளவுத் தொகையே. ஒரு முதலீட்டு நிதி நிறுவனத்தில் வைத்திருக்கும் உரிமை 4.99 அல்லது 9.99 சதவீத வரம்பைத் தாண்டாமல் இருப்பதற்காக இவை வெளியிடப்படுகின்றன. பங்காக மாற்றப்படும் வரை முகப்புப் பக்க எண்ணில் இவை இடம்பெறா. ஆனால் என் கணக்கில் இவை முழுப் பங்குகளே.

படி 3. ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பங்குகள் 4 கோடி, விலை 2 டாலர், சந்தை மதிப்பு 8 கோடி டாலர். ப்ரீ-ஃபண்டட் வாரண்டுகள் 1 கோடி, 1.50 டாலருக்குப் பங்கு வாங்கும் உரிமையுள்ள வாரண்டுகள் 2 கோடி; 6 டாலருக்கு உரியவை 1 கோடி. வாரண்ட் மூலம் வரும் பணத்தைக் கொண்டு சந்தை விலையில் பங்குகளைத் திரும்ப வாங்குவதாகக் கொண்டால், 1.50 டாலர் வாரண்டுகளால் நிகரமாகக் கூடுவது 50 லட்சம் பங்குகள். மொத்தம் 5.5 கோடி, உண்மையான மதிப்பு 11 கோடி டாலர். மருந்து வெற்றி பெற்று விலை 8 டாலரானால், 6 டாலர் வாரண்டுகளும் உயிர்பெற்று, மொத்தம் 6.875 கோடியாகிறது. 4 லட்சம் பங்குகள் வைத்திருப்பவரின் 1 சதவீத உரிமை, அப்போது ஏறத்தாழ 0.58 சதவீதம்தான். இதற்கு எந்தக் கட்டணச் சேவையும் வேண்டாம். சாதாரண விரிதாள் போதும்.

படி 4. கையிருப்புப் பணத்தைக் காலாண்டுச் செலவால் வகுத்துப் பாருங்கள். நான்கு காலாண்டுகளுக்குக் குறைவாக வந்தால், அடுத்த பங்கு விற்பனையையும் இன்றைய விலைக்குக் கீழான ஒரு விலையில் கணக்கில் சேர்த்துவிடுவேன்.

பின்சேர்க்கை: எண்கள் ஒத்துவரவில்லை என்று எழுதிய வாசகர் பார்த்தது, பங்குகளை ஒருங்கிணைப்பதற்கு முந்தைய அறிக்கை. 20 பங்குகளை 1 ஆக்கினால், 1.50 டாலர் வாரண்டுகள் 2 கோடி என்பது 30 டாலர் வாரண்டுகள் 10 லட்சம் என மாறும். ஆனால் சில ஒப்பந்தங்களில், ஒருங்கிணைப்புக்குப் பின் பங்கு விலை சரிந்தால் வாரண்டில் குறித்துள்ள பங்கு வாங்கும் விலையும் இறங்கி, அதற்கேற்ப எண்ணிக்கை கூடும் என்ற விதி இருக்கும். அட்டவணையில் அது தெரியாது. 8-கே உடன் இணைக்கப்பட்ட வாரண்ட் படிவத்தில், விலைத் திருத்தம் பற்றிய பிரிவைப் படித்தால்தான் தெரியும்.