2029 ஏப்ரலில் அப்போபிஸைப் படம் பிடிக்க இப்போதே பழகுங்கள்

2029 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை இரவு. விடிந்தால் தமிழ்ப் புத்தாண்டு. அன்றைக்கு அப்போபிஸ் என்ற சிறுகோள் பூமிக்கு மேலே சுமார் 32,000 கி.மீ. தூரத்தில் கடந்து போகிறது. நம் டிவி செயற்கைக்கோள்களே 36,000 கி.மீ. உயரத்தில்தான் நிற்கின்றன. அமாவாசை வேறு, நிலா வெளிச்சத் தொல்லை இல்லை. கேமராவும் முக்காலியும் வைத்திருப்பவர்கள் இதை விட்டுவிடவே கூடாது.

மிக அருகில் வரும் நேரம் நம் கணக்கில் 14-ஆம் தேதி அதிகாலை 3:16. அப்போது கல் அட்லாண்டிக் கடலுக்கு மேல் போயிருக்கும். நமக்கு வாய்ப்பு அதற்கு முந்தைய மணி நேரங்களில், அது இந்தியப் பெருங்கடலைத் தாண்டும்போது. உச்சத்தில் 3-ஆம் ஒளித்தரம் (எண் கூடக் கூட மங்கல்) வரை வரும், நமக்குக் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். கேமராவுக்கு அதுவே தாராளம்.

ஷட்டரை அதிக நேரம் திறந்துவைத்தால் பிரகாசமாக விழும் என்று பலர் நினைக்கிறார்கள். வானத்தின் சுழற்சியோடு கேமராவைத் திருப்பும் டிராக்கரில் வைத்து எடுக்கும் நட்சத்திரத்துக்கு அது சரி. நகரும் கல் ஒரு பிக்ஸலின் மேல் எவ்வளவு நேரம் இருக்கிறதோ, அந்த அளவு ஒளிதான் அங்கே சேரும். மிச்ச நேரமெல்லாம் கோட்டை நீட்டுமே தவிர பளிச்சென்று ஆக்காது. கணக்கு இதுதான்: பிக்ஸல் அளவை மைக்ரானில் எடுத்து 206-ஆல் பெருக்கி, லென்ஸின் மி.மீ.-ஆல் வகுங்கள். என் 50 மி.மீ. லென்ஸ், 4 மைக்ரான் கேமராவுக்கு ஒரு பிக்ஸலில் விழும் வானத்தின் அகலம் 16 ஆர்க் செகண்ட் சொச்சம் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் ஓர் ஆர்க் செகண்ட்). அப்போபிஸின் உச்ச வேகம் நொடிக்கு 40 ஆர்க் செகண்ட். பிக்ஸலுக்கு அரை நொடிகூட நிற்காது! அதனால் லென்ஸை நன்றாகத் திறந்து, ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள்.

ஒத்திகைக்கு ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்புப் பட்டை, அதாவது வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள், போதும். முக்காலியை அசைக்காமல் எடுத்தால் அங்குள்ள நட்சத்திரங்கள் நொடிக்கு 15 ஆர்க் செகண்ட் நகரும். எஃப் 2, ஐஎஸ்ஓ 1600, 10 நொடி வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள 5-ஆம் ஒளித்தர நட்சத்திரம் தெளிவான கோடாக விழுந்தால் உங்கள் கேமரா தயார்.

எங்கே பார்ப்பது? நாசாவின் ஹொரைசன்ஸ் தளத்தில் நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தே, கல் எந்த நேரத்தில் வானத்தில் எங்கே இருக்கும் என்ற பட்டியலை எடுங்கள். கல் ஒரு லட்சம் கி.மீ. தூரத்தில் இருக்கும்போது, பூமியின் மையத்துக்குப் போட்ட கணக்குக்கும் உங்கள் மொட்டை மாடிக்கும் 3 டிகிரிக்கு மேல்கூட வித்தியாசம் வரலாம். ஆறு முழு நிலவை வரிசையாக வைத்த அகலம் அது.

அப்புறம் வேலை எளிது. பிரகாசமான நட்சத்திரத்தில் கையால் ஃபோகஸ் வைத்து, ரா ஃபைலில், 4 நொடிப் படங்களாக விடாமல் எடுங்கள். பிறகு சிரில் போன்ற மென்பொருளில் நட்சத்திரங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி அடுக்கினால், அவை புள்ளியாக நிற்கும், கல் கோடாக ஓடும். கோடு விழுந்ததுமே துள்ள வேண்டாம், டிவி செயற்கைக்கோளும் இப்படிக் கோடு போடும். அந்த நேரத்துக்கு ஹொரைசன்ஸ் சொன்ன இடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதற்குக் கேமரா கடிகாரம் நொடி பிசகாமல் இருக்க வேண்டும்.

நான் ஜவ்வாது மலைக்குப் போகப் போகிறேன். நாகர்கோவிலில் இருக்கும் தம்பியிடமும் சொல்லிவைத்திருக்கிறேன், அதே நொடியில் அவனும் ஷட்டரைத் தட்ட வேண்டும். இடையே சுமார் 500 கி.மீ. ஒரு லட்சம் கி.மீ. தூரத்தில் கல் இருந்தால், இரண்டு படங்களிலும் அதன் இடம் முழு நிலவின் பாதி அகலம் வரை விலகித் தெரியும். அந்த விலகலை அளந்தால் கல்லின் தூரத்தை நாங்களே போட்டுவிடலாம்.