பைபோலாரோடு இருப்பவர் செல்போனைப் பழக்குவது எப்படி

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாதம், ராத்திரி மூன்று மணிக்கு, செல்போனில் 60 கம்பளி ஆர்டர் போட்டேன். கோத்தகிரியில் எங்கள் காட்டேஜில் இருப்பதே நான்கு அறை. அன்றைக்கு எனக்கு அது கொஞ்சமும் அதிகமாகத் தெரியவில்லை. அடுத்த வருஷம் பன்னிரண்டு அறை கட்டப்போகிறோமே, கம்பளி வேண்டாமா? (45ஐத் தம்பி திருப்பி அனுப்பினான். மீதி இன்னும் பரணில் கிடக்கிறது.) அதற்கு முந்தைய எட்டு நாளும் மூன்று மணி நேரத்துக்கு மேல் நான் தூங்கவில்லை. சீசன் நேரம், பாதி ராத்திரியில் வண்டி வந்து நிற்கும், எழுந்து சாவி கொடுக்கத்தானே வேண்டும் என்று வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதே செல்போன்தான் இப்போது எனக்குக் காவல் இருக்கிறது. அதை எப்படிப் பழக்கினேன் என்று சொல்கிறேன். எனக்கு இருப்பது பைபோலார்: மனசு சில காலம் அளவுக்கு மீறி மேலே எழும்பும், சில காலம் கீழே விழுந்து கிடக்கும். டாக்டரிடம் காட்டி மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் இது. நமக்கு பைபோலாரா இல்லையா என்று கண்டுபிடிக்கவோ, மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ எந்த ஆப்பையும் நம்பக் கூடாது.

முதல் விஷயம், மனநிலையைக் குறித்து வைக்கிற ஆப்பை நன்றாக இருக்கும் நாளில் இறக்குங்கள். மேலே போய்விட்டால் ஒரே நாளில் ஆறு ஆப் இறக்கி ஆறிலும் பக்கம் பக்கமாக எழுதுவோம். கீழே விழுந்தால் போனைத் தொடவே கை வராது.

நான் முதலில் வைத்திருந்தது டேலியோ என்ற ஆப். ஐந்து முகப் படங்களில் ஒன்றைத் தொட்டால் போதும், சுலபம்தான். ஆனால் எனக்கு மோசமான நாள் என்பது மனசு இருண்டு கிடக்க, உடம்பு மட்டும் ஓட்டமாக ஓடுகிற நாள். அதை எந்த முகத்தில் காட்டுவது? ஈமூட்ஸ் என்ற இன்னொரு ஆப்பில் தாழ்வு, எழுச்சி, எரிச்சல், பதற்றம் நான்கையும் தனித்தனியே குறிக்கலாம். தூங்கிய நேரமும் மாத்திரையும் அதிலேயே ஏறும். மாதக் கணக்கை பிடிஎஃப் ஆக எடுத்து டாக்டருக்குக் கொடுக்கலாம். எதை எடுத்தாலும் நெட் இல்லாமல் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இங்கே நவம்பர் மழையில் கரண்ட் போனால் பின்னாலேயே டவரும் போய்விடும். ரகசிய எண் போட்டுப் பூட்டும் வசதியும் வேண்டும். தொடர்புப் பட்டியலைக் கேட்கிற ஆப்புக்கு அதைக் கொடுக்க வேண்டியதில்லை. ஒன்றும் சரிப்படவில்லையா, நாற்பது பக்க நோட்டுப் போதும்.

ஆப்பில் 'லேசாக', 'நடுத்தரம்', 'கடுமை' என்று இருக்கும். அது யாருக்கோ எழுதிய அளவு. உங்கள் அளவை நீங்களே எழுதி வையுங்கள். எனக்கு லேசான எழுச்சி என்றால், வர்க்கி வாங்கப் போன இடத்தில் கடைக்காரருக்கே வியாபார யோசனை சொல்வது. நடுத்தரம் என்றால், பாத்திரம் கழுவிக்கொண்டே மூன்று பேருக்கு வாய்ஸ் மெசேஜ் போடுவது. கடுமை என்றால் பணம். லேசான தாழ்வுக்கு 'குளிப்பதைத் தள்ளிப்போடுகிறேன்' என்று முதலில் எழுதினேன். டிசம்பரில் கோத்தகிரியே அப்படித்தான் இருக்கும் என்பதால் அதை அடித்துவிட்டு 'வாசல் தெளிக்கவில்லை' என்று மாற்றினேன்.

இவ்வளவும் சொன்னாலும், நான் உண்மையில் நம்புவது தூக்கக் கணக்கைத்தான். மேலே போகிற மனசு 'எனக்கென்ன, அருமையாக இருக்கிறேன்' என்று பொய்க் கணக்கு எழுதும். படுத்த நேரமும் எழுந்த நேரமும் அப்படி ஏமாற்றாது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் எல்லன் ஃபிராங்க் வகுத்த சிகிச்சை முறையில் ஐந்து நேரங்களைக் குறிக்கச் சொல்வார்கள்: எழுந்தது, முதலில் ஒரு மனிதரோடு பேசியது, வேலை ஆரம்பித்தது, ராத்திரி சாப்பிட்டது, படுத்தது. ஐந்தும் நாளுக்கு நாள் தள்ளாடாமல் இருந்தால் நல்லது. நானும் அதையே குறிக்கிறேன். ஆனால் தூங்கிய நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது, மறுநாள் அசதி இருந்ததா என்றும் எழுதுங்கள். விருந்தினர் வந்து தூக்கம் கெட்டால் பகலில் கண் எரியும். நாலு மணி நேரம் தூங்கிவிட்டு, கண் எரியாமல், அடுப்படியைக் கவிழ்த்துப்போட்டுச் சுத்தம் செய்கிறேன் என்றால் அது வேறு. இரண்டு ராத்திரி சேர்ந்தாற்போல் அப்படிப் போனால் எங்கள் வீட்டில் மணி அடித்த மாதிரி. தூக்கத்தை அளக்கிற கைக்கடிகாரத்தை நம்பாதீர்கள். அசையாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததையும் என்னுடையது தூக்கம் என்றே எழுதியது.

ஒரு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு நிமிஷம், அதோடு மூடிவிடுங்கள். டென்மார்க்கில் மொனார்க்கா என்ற செல்போன் பதிவு முறையைச் சோதித்த ஆய்வு 2015இல் வந்தது. தினமும் பதிவு செய்ததால் மொத்தத்தில் பெரிய பலன் தெரியவில்லை, தாழ்வு நீடிக்கக்கூட அது காரணமாகலாம் என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். படித்ததும் எனக்கு ஆச்சரியமில்லை. புண்ணைத் தினமும் நோண்டிப் பார்த்தால் ஆறுமா? தாழ்ந்து கிடக்கும் நாளில் தூக்கம், மாத்திரை இரண்டை மட்டும் குறிக்கிறேன்.

மாத்திரைக்கு அலாரம் வையுங்கள். தவறிப்போனால் அடுத்த வேளைக்கு இரட்டையாகப் போடாதீர்கள். பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் சில உண்டு. ரத்தத்தில் அதன் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கப் பார்ப்பார்கள். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும், அந்தத் தேதிக்கும் ஒரு அலாரம். சிறுநீரகம், தைராய்டு சோதனைகளையும் அதே நினைவூட்டலில் சேர்த்துவிடுங்கள். நாங்கள் குளிரில் பழகியவர்கள். மேட்டுப்பாளையம் இறங்கி வெயிலில் வேர்த்து ஊற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். அதனால் மலை இறங்கும் நாளில் 'தண்ணீர் குடி' என்று போன் கத்தும். இடுப்பு வலி என்று ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்காதீர்கள், அவையும் ஏற்றிவிடும். வாந்தி, பேதி, கை அதிகமாக நடுங்குவது, நடை தள்ளாடுவது என்றால் ஆப்பில் எழுதிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், இன்னொருவர் பார்ப்பது. ஞாயிறு சாயங்காலம் அந்த வாரத்துப் பக்கத்தைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்புவேன். இரண்டு ராத்திரி மணி அடித்தால் வாரம் முடியக் காத்திருக்க மாட்டான். அவன் என்ன செய்ய வேண்டும் என்று நான் தெளிவாக இருந்த நாளில் என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ராத்திரி சாவி அவன் பொறுப்பு. ஒன்பது மணிக்கு என் போன் ஹாலுக்குப் போய்விடும். டாக்டருக்கு அவனே பேசுவான். யுபிஐயில் சின்னத் தொகை மட்டும் இருக்கும் தனிக் கணக்கைத்தான் இணைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நிலை வந்தால் நமக்காகப் பேச ஒருவரை நியமித்து வைக்க 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதையும் நன்றாக இருக்கும்போதே செய்யுங்கள்.

போன மே மாதம், மலைக்கு வர இ-பாஸ் எல்லாம் வந்தும் கூட்டம் குறையாத ஒரு வாரம். தம்பி வந்து நின்றான்.

"அக்கா, சாவியைக் கொடு."

"எனக்கு ஒண்ணுமில்லடா. சீசன் முடியட்டும்."

"நீ எழுதினதைத்தான் படிக்கிறேன்" என்று அந்தக் காகிதத்தை நீட்டினான். என் கையெழுத்து. ஆத்திரம் வந்தது, சாவியை மேஜையில் வீசினேன். அன்று சாயங்காலமே டாக்டர் போனில் பேசி மருந்தை மாற்றினார். மூன்றாம் நாள் ஏழு மணி நேரம் தூங்கினேன்.

செத்துப்போகலாம் என்று தோன்றும் ராத்திரிக்கு ஆப் வேண்டாம், குரல் வேண்டும். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, காசு கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். போனின் முதல் திரையிலேயே அந்த எண்ணை வைத்திருக்கிறேன்.

ஜூன் மாதம் கோயம்புத்தூரில் டாக்டரிடம் பிடிஎஃப்பைக் கொடுத்தேன். மே மாதத்தில் இரண்டு கட்டங்களின் மேல் விரலை வைத்து, "இந்த ரெண்டு நாள் என்னம்மா செஞ்சீங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

"கம்பளி விலை பார்த்துட்டு இருந்தாங்க சார். வாங்கலை."